ஊரில் இல்லாதவர் பட்டியல்

கண்டக்டரைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது ஒரே பேச்சாக இருக்கிறது. "பொய் சொன்னாரு, மாட்டிக்கிட்டாரு, போய்ச் சேந்தாரு" என்று மூன்றே சொற்றொடர்களில் ஒரு மனிதரை முடித்துவிடுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதை அறியாதவனல்லேன். ஆனால், இப்படிப் பேசுகிறவர்கள் எல்லாரும், ஒருவர் பாக்கியில்லாமல், சென்ற மாதம் அவரை வழியில் நிறுத்தி, "பொண்ணுக்குக் கல்யாணமாமே! எப்பக் கிளம்புறீங்க?" என்று கேட்டவர்கள்தாம். அவர்களாவது கேட்டதோடு நின்றார்கள். நான் தாளும் பேனாவுமாக அவர்முன் உட்கார்ந்து நாள், இடம், நேரம் என்று ஒவ்வொன்றாகக் கறந்தேன். ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதும் கடமையும் என்னையே சேரும்.

எங்கள் ஊருக்கென்று நான்கு பக்கத்தில் ஒரு செய்தி மடல் வாரந்தோறும் வெளிவருகிறது. பொது நூலகத்தின் பின்னறையில் உருவாகி, வெள்ளிக்கிழமை காலையில் வீடுகளுக்குப் போகும். முப்பத்துநான்கு ஆண்டுகள் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றபின், அதைத் திருத்தும் பொறுப்பை நான் ஏற்றேன். எந்தத் தெருவில் என்றைக்குக் குடிநீர் வராது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி எந்தக் கிழமை, கண் மருத்துவர் எப்போது வருவார், பூங்காவைத் துப்புரவு செய்ய எத்தனை பேர் தேவை என்பனவெல்லாம் இரண்டாம் பக்கம். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை மூன்றாம் பக்கம். இளவேனில் பிறந்துவிட்டால் மூன்றாம் பக்கத்தில் இடம் போதாது. குளிர்காலம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஊர், சாலையோர மரங்கள் பூத்ததும் ஒரேயடியாகக் கல்யாணம் செய்யத் தொடங்கிவிடும். நான்காம் பக்கத்தின் அடியில் 'வெளியூர்ப் பயணம்' என்று ஒரு சிறு பத்தி உண்டு. இந்தக் கதைக்கு வேண்டியது அந்தப் பத்திதான்.

அது வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரில் தனியாக வாழும் முதியவர்கள் இருபத்தாறு பேர். நூலகர் அம்மையார் நாள்தோறும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியின்முன் உட்கார்ந்து, அவர்களை ஒவ்வொருவராக அழைத்து நலம் கேட்பார். மூன்று முறை மணியடித்தும் எடுக்காவிட்டால் உடனே ஆள் போகும். சம்பளமில்லாத வேலை, ஏழு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனால், மூன்று ஆண்டுகளுக்கு முன் தையற்காரம்மா யாரிடமும் சொல்லாமல் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இங்கே தொலைபேசி அடித்து ஓய்ந்தது. தீயணைப்புப் படையை வரவழைத்து, கோடரியால் கதவை உடைத்து உள்ளே போனால், கட்டிலில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் திரும்பி வந்த தையற்காரம்மா தெருவே அதிரக் கத்தினார்.

"உயிரோட இருக்கிறவ வீட்டுக் கதவ ஒடைக்கிற ஊர இங்கதான் பாக்குறேன்! செத்திருந்தா வீட்டையே பேத்து எடுத்திருப்பீங்க போல!"

அதன்பின் ஊர்க் கூட்டம் ஒன்று கூடியது. அங்கே விதி எழுதிக் கொடுத்தவன் நான்: 'மடலின் பயணப் பத்தியில் பெயர் வெளிவந்தவருக்கு, அவர் திரும்பும் நாள்வரை அழைப்பு இல்லை.' எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு தெளிவான விதியை எழுதிவிட்டேன் என்ற நிறைவோடு அன்று நான் வீட்டுக்குப் போனேன்.

கண்டக்டர் அந்த இருபத்தாறு பேரில் முதலாமவர். வாய்க்கால் தெருவின் கடைசி வீடு அவருடையது. முப்பத்தோர் ஆண்டுகள் நகரப் பேருந்தில் பயணச்சீட்டுக் கிழித்தவர். கைப்பேசி வாங்கச் சொன்னால், "வாழ்க்கை பூரா விசிலடிச்சே காது போச்சு. சட்டப் பைக்குள்ள வேற ஒண்ணு கத்தணுமா?" என்பார். வீட்டில் பழைய தொலைபேசி ஒன்றுதான். எட்டு அடிக்கும்போதே எடுத்து, "உயிரோடதான் இருக்கேன், அடுத்த ஸ்டாப்புக்குப் போங்க" என்று நூலகரிடம் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பிறகு குளித்து, ஒன்பது மணிக்கு நூலகத்துக்கே வந்து, மாலைவரை எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரே மகள். என்னிடம் படித்தவள். எட்டு ஆண்டுகளுக்கு முன், அவள் தொலைவிலுள்ள பெருநகரில் கல்லூரி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது, தாயார் நோயில் விழுந்தார். மகளின் தேர்வு கெட்டுவிடக்கூடாது என்று கண்டக்டர் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில், "அம்மாவுக்கு ஒண்ணுமில்லம்மா, வெறும் சளிதான். நீ படி" என்றே சொல்லிவந்தார். மூன்றாம் தேர்வு நாளில் அந்த அம்மையார் இறந்துபோனார். பெண் வந்து சேர்ந்தபோது நானும் அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அவள் அழவில்லை. தந்தையின் முகத்தைப் பார்த்து, "இனிமே உங்க வாயிலருந்து வர்ற எதையும் நான் நம்ப மாட்டேன்" என்றாள். காரியங்கள் முடிந்ததும் போய்விட்டாள். அவர் எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. இரண்டாண்டு எழுதிப் பார்த்துவிட்டு, அவரும் நிறுத்திவிட்டார்.

இந்த ஆண்டு இளவேனிலின் தொடக்கத்தில், ஒரு புதன்கிழமை, நூலகத்தின் படிப்பறையில் நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். தையற்காரம்மா தம்பி மகனின் திருமணச் செய்தியோடு வந்திருந்தார். அதை நான் சீர்செய்துகொண்டிருக்கையில், அவர் கண்டக்டரைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன கண்டக்டரே, ஊர்ல எல்லார் வீட்டுலயும் விசேஷம். உங்க வீட்டுல எப்ப? உங்களுக்குப் பொண்ணு ஒண்ணு இருக்குன்னே மறந்துபோச்சு."

குத்தலாகக் கேட்டாரா, வெறும் பேச்சாகக் கேட்டாரா, யானறியேன். கண்டக்டர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்துவைத்தார்.

"அடுத்த வியாழக்கிழமை" என்றார்.

ஆளாளுக்குக் கூவினார்கள்.

"அடப்பாவி மனுஷா! இப்படியா மூடி வைப்பீங்க?"

"எங்களையெல்லாம் கூப்பிட மனசு வரலையோ?"

"தூரம்மா. அவ்வளவு தூரம் உங்களையெல்லாம் அலைய வைக்கணுமான்னுதான்" என்றார் கண்டக்டர்.

நான் பேனாவைத் திறந்தேன். செய்தி என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

"மாப்பிள்ளை பேர் என்ன, கண்டக்டரே?"

"மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். பேரை வச்சா குடும்பம் நடத்தப் போறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "என்ன வேலை பாக்கிறார்?"

"பேங்க்ல."

"இடம்?"

இதற்குமட்டும் அவர் தயங்கவில்லை. நகரத்தின் பெயர், ரயில் நிலையத்தையொட்டிய மண்டபத்தின் பெயர், காலை ஒன்பது மணி என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

"அழைப்பிதழைக் கொண்டாங்க. பார்த்து எழுதிட்டாத் தப்பு வராது."

"அது பீரோவுல எங்கேயோ கெடக்கு. நான் சொன்னாப் போதாதா, வாத்தியாரே? முப்பத்தொரு வருஷத்துல ஒரு டிக்கெட்டாவது மாத்திக் கிழிச்சிருப்பேனா?"

"சரி. புறப்பாடு என்றைக்கு?"

இங்கேதான் அவர் நின்றார். இதுவரை வந்தவற்றுக்கெல்லாம் அவரிடம் விடை இருந்தது. இதைப் பற்றி அவர் எண்ணியே பார்க்கவில்லை என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை. மறந்துவிட்டார் போலும் என்று நினைத்து, எடுத்துக் கொடுத்தேன்: "வியாழன் கல்யாணம்னா, செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸாவது பிடிச்சாகணும்."

"ஆமா. செவ்வாய்" என்றார்.

"திரும்புறது?"

"திங்கள்னு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். மூன்றாம் பக்கத்துக்கு ஒன்று, நான்காம் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு செய்திகள். வெள்ளிக்கிழமை இரண்டும் வெளிவந்தன.

உண்மையில் அவருக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. அவரோடு வேலை பார்த்த ஓட்டுநர் ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் அழைப்பிதழைக் கண்டு, வந்து சொல்லியிருக்கிறார். கண்டக்டருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அடுத்த நான்கு நாள்கள் ஊர் அவரை விடவில்லை. தையற்காரம்மா தாமே துணி எடுத்து, அளவுகூடக் கேட்காமல், கண்ணாலேயே அளந்து, வெளிர்நீலச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொடுத்தார். முடிதிருத்துபவர் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். "பொண்ணோட அப்பா மாதிரியா இருக்கீங்க? புதர்லருந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு!" செவ்வாய்க்கிழமை பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டோம். அவர் பழைய தோற்பெட்டியோடு படியில் ஏறி, பழக்கத்தால் கம்பியைத் தட்டி, "போலாம், ரைட்!" என்றார். சிரிப்பும் கையசைப்புமாக அனுப்பிவைத்தோம். சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணுக்கு மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனார்.

இரண்டாவது நிறுத்தமான மரக்கடையில் அவர் இறங்கிவிட்டார். "ஒண்ணு மறந்துட்டேன்" என்று அந்தப் பேருந்தின் ஓட்டுநரிடம் சொன்னாராம். இருட்டும்வரை மரக்கடையின் பின்புறம் உட்கார்ந்திருந்து, வாய்க்கால் கரை வழியாக நடந்து, கொல்லைக் கதவால் வீட்டுக்குள் போய்விட்டார். முன்கதவில் அவரே பூட்டிய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. "நீ அதை எங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அந்தப் பேருந்து ஓட்டுநரைப் பிறகு கேட்டேன். "யாரும் கேக்கலையே சார்" என்றான். இந்த ஊரில், கேட்கக் கூடாததைக் கேட்கப் பத்துப் பேர் வருவார்கள். கேட்க வேண்டியதைக் கேட்க ஒருவரும் இரார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நூலகர் பட்டியலைத் திறந்தார். முதற்பெயரின்மேல் பென்சிலால் கோடு இழுத்திருந்தது. இரண்டாம் பெயரிலிருந்து அழைக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி இருக்கும். அச்சாகி வந்த மடல்களை நூலகரும் நானும் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"சார், நான் கண்டக்டர் பொண்ணு பேசறேன்."

"அம்மா! கல்யாணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? அப்பா என்ன சொல்றார்?"



"அப்பா வரலையே, சார்."

"என்ன?"

"வர்றார்னு நீங்க மடல்ல போட்டிருந்தீங்க. செவ்வாய்க்கிழமை பொறப்படுறார்னு. நேத்து முழுக்கப் பாத்தேன். முன்வரிசையில நாற்காலி போட்டு வச்சிருந்தேன். அரை மணி நேரம் தள்ளியே வச்சோம், பஸ் லேட்டா இருக்கும்னு. மத்தியானம் வீட்டுக்குப் போன் பண்ணேன், அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கும் பண்ணேன். ஏன் சார் வரல? உடம்பு சரியில்லையா?"

அவளுக்கு எப்படி மடல் கிடைத்தது என்று விளங்காமல் நூலகரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆறு ஆண்டுகளாக அந்தப் பெண் சந்தா கட்டித் தபாலில் மடலைப் பெற்றுவந்திருக்கிறாள். "அப்பாகிட்டச் சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நூலகரும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காத்தவரை நான் எப்படிக் குறை கூறுவது? இருப்பினும் அன்று எனக்குச் சினம் வந்தது. எல்லாரும் எதையோ காத்துக்கொண்டிருந்தோம்; அந்த மனிதரைக் காக்கத்தான் ஆளில்லை.

வாய்க்கால் தெருவுக்கு ஓடினோம். அறுபத்தெட்டு வயதில் நான் ஓடியதைப் பார்த்த தெருக்காரர்கள் பின்னால் வந்தார்கள். முன்கதவில் பூட்டு. சன்னல்களுக்கு உட்புறம் பழைய மடல்களை ஒட்டி மறைத்திருந்தது. கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். உள்ளிருந்து ஏதோ ஓர் ஒலி. பேச்சா, முனகலா என்று சொல்ல முடியாத ஓர் ஒலி.

"ஒடைங்க சார்! எதுக்கு நிக்கிறீங்க? ஒடைங்க!" என்று தையற்காரம்மா என் முதுகுக்குப் பின்னால் கத்தினார். முடிதிருத்துபவர் தோளால் இரண்டு முறை இடித்தார். தாழ் பெயர்ந்தது.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வெளிர்நீலச் சட்டையை அணிந்திருந்தார். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே எழுந்து, இருட்டில் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரும்போது, ஈரக்கால் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தொலைபேசி இருந்த மேசை ஆறடி தூரத்தில் இருந்தது. அந்த ஆறடியில் பாதியை அவர் ஊர்ந்து கடந்திருந்தார்.

மேசையில் ஒரு தாள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். 'மண்டபம் பெரிசு. கூட்டம் முன்னூறு. மாப்பிள்ளை நல்ல உயரம். கண்ணாடி போட்டிருக்கலாம்? பொண்ணு என்னைப் பார்த்ததும் ஓடிவந்தது.' திங்கட்கிழமை எங்களிடம் சொல்வதற்காகக் குறித்து வைத்திருக்கிறார். கேள்விக்குறி ஒன்றைத் தவிர வேறெங்கும் தயக்கமில்லை. அதை மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வேறொருவர் கண்ணில் படக்கூடாது என்று தோன்றிற்று.

மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் அவருக்கு நினைவு இருந்தது. துணியை நனைத்து உதட்டில் ஒற்றினேன்.

"எட்டு மணிக்கு அடிக்கும், அடிக்கும்னு பாத்துக்கிட்டே கெடந்தேன், வாத்தியாரே. எடுக்கலைன்னா ஆள் அனுப்புவாங்களேன்னு. எட்டேகால், எட்டரை ஆச்சு. அப்புறந்தான் உறைச்சுது. நான் ஊர்லயே இல்லையே!" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றார்.

மருத்துவர் இளைஞர், மறைத்துப் பேசத் தெரியாதவர். "நேத்துக் காலையிலேயே கொண்டுவந்திருந்தீங்கன்னா இது பெரிய விஷயமே இல்லை. ஒண்ணேகால் நாள் தண்ணியில்லாம கெடந்திருக்கார். சிறுநீரகம் தளர்ந்துபோச்சு. காலையில ஆபரேஷன் பண்ணித்தான் பாக்கணும்" என்றார். நேற்றுக் காலை எட்டு மணிக்கு ஒரு தொலைபேசி அடித்திருக்க வேண்டும். அடிக்கவிடாமல் செய்தது நான் எழுதிய விதி.

நூலகர், கண்டக்டரின் மகளுக்குச் செய்தி சொல்லிவிட்டார். அவளும் அவள் கணவனும் நண்பகல் ரயிலில் புறப்பட்டுவிட்டார்கள். மறுநாள் காலைக்குள் வந்துவிடுவார்கள். இதை அவரிடம் சொன்னால் உயிர் ஊறும் என்று எண்ணி, மாலையில் அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"கண்டக்டரே, உங்க பொண்ணு வந்துக்கிட்டிருக்கா."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நேத்து உங்களுக்காகக் காத்திருந்திருக்கா. முன்வரிசையில உங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கா. நீங்க வருவீங்கன்னு கல்யாணத்தையே அரை மணி நேரம் தள்ளி வச்சிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"அவளே போன்ல சொன்னா. உங்க வீட்டுக்கும் போன் பண்ணியிருக்கா, நேத்து மத்தியானம்."

"அடிச்சுது. ராங் நம்பர்னு நெனச்சேன். இந்த வாரம் எனக்கு யாரு அடிக்கப் போறா?" சற்று நேரம் கூரையைப் பார்த்தார். "நான் வர்றேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"மடலைப் படிக்கிறா. ஆறு வருஷமா வாங்குறா."

கண்டக்டரின் முகத்தில் ஒரு புன்னகை படர்ந்தது. மகிழ்ச்சியென்று நினைத்தேன். அது வேறு. பேருந்தில் ஓசிப் பயணம் செய்கிறவன் சொல்லும் காரணத்தைக் கேட்கும்போது வரும் சிரிப்பு அது. அவர் முகத்தில் பல முறை பார்த்திருக்கிறேன்.

"வாத்தியாரே, இத்தனை வருஷத்துல நீங்க பொய் சொல்லி நான் பாத்ததில்ல. எனக்காகச் சொல்றீங்க. நல்லாருங்க."

"பொய்யில்லை! சத்தியமா இல்லை!" என் குரல் உயர்ந்துவிட்டது. தாதி திரும்பிப் பார்த்தாள். "இருங்க. இப்பவே பேசுங்க அவகிட்ட" என்று கைப்பேசியை எடுத்து, நூலகர் குறித்துக் கொடுத்திருந்த அவள் எண்ணை அழைத்தேன். ஒலிபெருக்கியையும் போட்டேன். 'நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றது ஒரு பதிவுக் குரல். மீண்டும் அழைத்தேன். மூன்றாம் முறையும் அழைத்தேன். அதே குரல்.

"விடுங்க. எடுக்க மாட்டா. எனக்குத் தெரியும்ல?" என்றார் அவர், என்னைத் தேற்றுகிறவர்போல.

இரவுவரை அழைத்துக்கொண்டே இருந்தேன். நூலகரை அழைத்துக் கேட்டேன். வேறு எண் இல்லை. மகளின் பெயருள்ள சந்தா பதிவேட்டைக் காட்டினால் நம்புவாரென்று, நூலகரை அதோடு வரச்சொன்னேன். அவர் வந்து சேர்வதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. வாயிற்காவலர் விடவில்லை. "விதின்னா விதிதான், அம்மா" என்றார். அந்தச் சொற்களை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அறுவை அறையின் வாசல்வரை நான் கூடவே நடந்தேன். என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, அந்த நாற்காலிக் கதை நல்லாருக்கு" என்றார். "முன்வரிசை, அரை மணி நேரம்... எனக்கு இதெல்லாம் தோணவே இல்ல பாருங்க. ஊர்ல யாராச்சும் கேட்டா அதையே சொல்லிருங்க."

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? "உண்மை, கண்டக்டரே, அது உண்மை" என்றுமட்டும் இருமுறை சொன்னேன். "சரி, சரி" என்றார். கதவு சாத்தப்பட்டது.

மயக்க மருந்தை அவர் இதயம் தாங்கவில்லை. எட்டரை மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார்.

மகள் பத்தேகாலுக்கு வந்தாள். கசங்கிய புத்தாடை, கையில் ஒரு பை, பக்கத்தில், நல்ல உயரமாக, கண்ணாடி அணிந்த ஓர் இளைஞர். நான் சொல்லும் முன்பே, என் முகத்தைப் பார்த்து அறிந்துகொண்டாள். சுவரோரம் இருந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன்ல சார்ஜ் போயிருச்சு, சார். அவசரத்துல சார்ஜரை எடுக்காம வந்துட்டேன். இவர் போன்லருந்து உங்களக் கூப்பிடலாம்னா நம்பர் தெரியல." பிறகு, "திங்கக்கிழமை மடல் வந்தப்பவே அப்பாவுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். நான் பேசினா எங்கே வராம இருந்துடுவாரோன்னு வச்சுட்டேன். வரட்டும், நேர்ல பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.



"நான் காத்திருந்தேன்னு அவர்கிட்டச் சொன்னீங்களா, சார்?"

"சொன்னேம்மா."

"நாற்காலி போட்டதச் சொன்னீங்களா?"

"எல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

அவள் கணவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்றது அந்தப் பார்வை. இந்தக் குடும்பத்துக்கு அன்பின் காரணமாகச் சொன்ன பொய்கள் போதும் என்று எனக்குத் தோன்றியது. இன்னொன்றையும் சேர்க்க எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை.

"நம்பலம்மா. நான் ஆறுதலுக்குச் சொல்றதா நெனச்சுக்கிட்டார்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கவில்லை. பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், சார்" என்றாள்.

பிறகு எழுந்து, அவரை வைத்திருந்த அறை எது என்று கேட்டாள். காட்டினேன். கணவரையும் வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தனியாக உள்ளே போனாள். கதவு முழுதும் சாத்திக்கொள்ளவில்லை. ஒட்டுக்கேட்பது தகாது என்று அறிந்தும் என் கால்கள் நகரவில்லை. உள்ளே அவள், தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல், தந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: நாற்காலி இடது பக்கம் மூன்றாவது, விசிறிக்கு நேர்கீழே, மாப்பிள்ளையின் மாமா ஒருவர் அதில் வந்து உட்கார்ந்துவிட்டார், எங்கப்பாவுக்குப் போட்டது என்று சொல்லி அவரை எழுப்பினேன், அவருக்குக் கோபம், பிறகு கடைசிவரை அங்கே யாரையும் உட்கார விடவில்லை, அப்பா.